ஷட்டருக்கு அடியில் அரை அங்குலம்

"ஷட்டருக்கு அடியில் போடும் ரப்பரைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று நம் பத்திரிகைக் குழு நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும். அவர் இருப்பது நாலாவது மாடி. தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கும், கீழே ஒரு காராஜோ ஸ்டோர் ரூமோ வைத்துக்கொண்டு வீட்டில் இடம் கொள்ளாததையெல்லாம் அதில் திணித்து வைத்திருப்பவர்களுக்கும் இந்த விஷயம் சிரிப்பாக இருக்காது. தில்லியில் நம்மவர்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

எங்களுடையது தெற்கு தில்லியில் டி.டி.ஏ. அடுக்குமாடி. வீட்டோடு கீழே ஒரு காராஜும் கிடைத்தது. அகலம் எட்டு அடி, முன்னால் இரும்பு ரோலிங் ஷட்டர். முதலில் அதில் ஸ்கூட்டர் நின்றது, பிறகு ஒரு பழைய கார் நின்றது. கார் போன பிறகு பெட்டிகள் வந்து குடியேறின. அவற்றில் மூன்று டிரங்குப் பெட்டிகள் கொலு பொம்மைகள். 1981-இல் நாங்கள் இங்கே குடித்தனம் வைக்க வந்தபோது என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்து, ஜி.டி. எக்ஸ்பிரஸில் தம் கையோடு கொண்டுவந்து கொடுத்தவை. தசாவதார செட், செட்டியார்-செட்டிச்சி, கல்யாண ஊர்வலம் என்று வருஷத்துக்கு ஒன்பது நாள் மட்டும் வெளிச்சம் பார்த்துவிட்டு, பத்தாம் நாள் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி பெட்டிக்குள் போய்விடும்.

2024 ஜூன் 28-ஆம் தேதியைத் தில்லிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஸப்தர்ஜங்கில் 228.1 மி.மீ. மழை பதிவாயிற்று. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை 1936-க்குப் பிறகு பெய்யவில்லை. எங்கள் காலனித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்ததும் நான் காராஜைத் திறந்து பார்த்தேன். தரை நனைந்திருந்தது, துடைத்தேன், மூடினேன். பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. செப்டம்பர் கடைசியில் நவராத்திரிக்காகப் பெட்டியை மேலே கொண்டுவந்து திறந்தபோதுதான் வாடை அடித்தது.

டிரங்குப் பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்துப் பொத்தலாகியிருந்தது. காகிதக் கூழ் பொம்மைகள் ஊறி, உப்பி, பூஞ்சை பூத்துவிட்டன. சுடாத மண்ணில் செய்த பழைய பொம்மைகள் சிலவற்றின் கால்களே இல்லை, வெறும் சேறு. மரப்பாச்சிகள் மட்டும் பிழைத்தன. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் ஏழு படிக்குப் பதில் மூன்று படி வைத்தாள். "என்னங்க, ஜூன்லயே ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்குப் பதில் இல்லாததால்தான் நான் ஷட்டரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் ஓர் எளிய கணக்கு. எட்டு அடி என்பது ஏறக்குறைய 244 செ.மீ. ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகு அடியில் சராசரியாக ஒரு செ.மீ. இடைவெளி இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 244 சதுர செ.மீ. சமையலறையில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கச் சுவரில் போடும் ஓட்டையைவிட இது பெரிது! அப்படி ஓர் ஓட்டையைச் சுவரில் திறந்து வைத்துவிட்டு யாரும் வருஷக்கணக்கில் சும்மா இருக்க மாட்டோம். தரையோடு நீளமாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். மே மாத ஆந்தியில் புழுதி அந்த வழியாகத்தான் வருகிறது, நவம்பர் புகையும் ஜனவரிக் குளிரும் அந்த வழியாகத்தான். சுண்டெலிக்கு ஆறேழு மி.மீ. சந்து இருந்தால் போதும், தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

ஷட்டர் போட்ட காலத்தில் அடியில் ரப்பர் இருந்தது. நான் பார்த்தபோது கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, கைபட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கியது. ரப்பர் ஏன் இப்படி ஆகிறது? இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் இருக்கும் ஓசோன் அவற்றைத்தான் தாக்கும். வளைந்தும் இழுபட்டும் இருக்கும் இடத்தில் முதலில் நுண்ணிய கீறல் விழும், பிறகு வெடிக்கும். இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊர் சைக்கிள் டயரின் பக்கவாட்டில் பார்த்திருப்பீர்களே, அதே வெடிப்பு. பி.வி.சி. பட்டை வேறு விதமாகக் கெடும். அதை மெத்தென்று வைத்திருப்பதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெதுவாக வெளியேறிவிட, பட்டை விறைத்துப்போகும்; குளிர்காலத்தில் இன்னும் விறைக்கும். இ.பி.டி.எம். என்றொரு செயற்கை ரப்பர் உண்டு. அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது, ஆகவே ஓசோனும் வெயிலும் அதைச் சுலபத்தில் அசைக்க முடியாது. கார்க் கதவுகளைச் சுற்றி இருக்கும் ரப்பர் பெரும்பாலும் இதுதான். மே மாதத்தில் 45 டிகிரி, ஜனவரியில் நாலைந்து டிகிரி என்று ஆடும் ஊருக்கு அதுவே ஏற்றது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: மண்ணெண்ணெய், கிரீஸ், இன்ஜின் ஆயில் பட்டால் உப்பித் தளர்ந்துவிடும். ஷட்டர் சத்தம் போடுகிறது என்று பழைய இன்ஜின் ஆயிலை மேலிருந்து ஊற்றுவது இங்கே வழக்கம். நானும் ஊற்றியவன்தான். ஆயில் வழிந்து அடி ரப்பரில் இறங்கும், போதாததற்கு அதில் தில்லிப் புழுதி ஒட்டிக் களிம்பாகும். பக்கச் சானலில் மெழுகுவத்தியைத் தேய்த்தாலே போதும். இல்லாவிட்டால் சிலிகான் ஸ்ப்ரே.

இடைவெளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பகலில் உள்ளே நின்றுகொண்டு ஷட்டரை மூடச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் தண்ணீருக்கும் வழி. ரப்பர் இருக்கிற இடத்தில் அது அழுந்துகிறதா என்று பார்க்க, ஒரு காகிதத்தை வைத்து ஷட்டரை இறக்கி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அழுத்தம் போதாது. ஏ.சி. அறைக் கதவுக்கு ஊதுபத்தி நல்லது. புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே காற்று ஓடுகிறது.

எங்கள் காராஜில் இப்படிப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. இடது ஓரத்தில் ஷட்டர் தரையைத் தொடுகிறது. வலது ஓரத்தில் கட்டை விரலே நுழைகிறது. ஷட்டர் கோணல் என்று நினைத்தேன். தண்ணீர் மட்டக் குழாய் வைத்துப் பார்த்தால், கோணல் தரையில்! நாற்பது வருஷத்தில் தரை ஒரு பக்கம் அமுங்கி, உள்பக்கமாகச் சரிந்துவிட்டது. வெளியே தெருவோ வேறு கதை. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே வருகிறது. ஒரு காலத்தில் தெருவைவிட உயரத்தில் இருந்த காராஜ் இன்று கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது. உங்கள் தெருவிலும் போய்ப் பாருங்கள்.

இந்த நிலையில் வெறும் ரப்பர் மட்டும் போட்டால் என்ன ஆகும்? சாரலும் புழுதியும் நிற்கும். ஆனால் ஷட்டருக்கு வெளியே தண்ணீர் தேங்கி நின்றால் எந்த ரப்பரும் அதைத் தடுத்து நிறுத்தாது, மெதுவாக்கும். கடைக்காரர் என்ன சொன்னாலும் இதை நினைவில் வையுங்கள். ஆகவே முதல் வேலை தரையில்.

மிஸ்திரி ஒருவரை அழைத்தேன். "அங்கிள்ஜி, சிமென்ட்டால் ஒரு மேடு கட்டிவிடுகிறேன், அரை மணி வேலை" என்றார். பழைய வழவழப்பான தரை மேல் அரை அங்குல சிமென்ட் பூச்சு ஒட்டவே ஒட்டாது. இரண்டு தடவை சக்கரம் ஏறினால் பெயர்ந்து வரும். அதனால் தரையில் மூன்று அங்குல அகலத்துக்குப் பள்ளம் வெட்டச் சொல்லி, அதில் ஒரு கோட்டா கல் பட்டையைப் பதித்தோம். தரைக்கு மேலே 12 மி.மீ. மட்டும் தெரியும்படி, இரண்டு விளிம்பையும் சாய்வாகத் தேய்த்தாயிற்று. அதை எங்கே பதிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஷட்டர் இறங்கும் கோட்டுக்கு நேர் கீழே பதிக்கக் கூடாது, அதற்குச் சற்று உள்ளே. ஷட்டர் கல்லுக்கு வெளியே இறங்க வேண்டும். அப்போதுதான் ரப்பரைத் தாண்டி நுழைந்த தண்ணீர் கல்லில் முட்டி வெளியே திரும்பும். ஷட்டர் கல்லின் மேல் உட்கார்ந்தால், ஷட்டரில் வழிகிற மழை கல்லின் உச்சியில் விழுந்து உள்பக்கமும் ஓடும். வெளிப்புறத் தரைக்கு மீட்டருக்கு ஒரு செ.மீ. வீதம் தெருப்பக்கம் சரிவு கொடுத்தோம். கல்லின் இரு முனைகளும் சுவரைச் சந்திக்கும் இடத்தில் சிலிகான் அடைப்பு.

அடுத்தது ரப்பர். சாவ்ரி பஜாரில் முதலில் எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஹிந்தியில் கையை ஆட்டித்தான் விளக்கினேன். "ரப்பர் கீ பட்டீ" என்று கடைப்பையன் ஒரே சொல்லில் முடித்துவிட்டான். வட்டக் குழல் போல் இருப்பது, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருப்பது, அலுமினியச் சானலில் செருகுவது, தட்டையானது என்று பல வகை காட்டினான். புதிதாக மோட்டார் ஷட்டர் போடுகிறவர்களுக்குச் சானலில் செருகும் வகை நல்லது. பின்னால் மாற்றுவதும் சுலபம். நம் பழைய இரும்பு ஷட்டரின் அடியில் ஓர் ஆங்கிள் இரும்பு இருக்கும். அதற்குத் தட்டைப் பட்டைதான் சரி. 3 அங்குல அகலம், 5 மி.மீ. கனம், இ.பி.டி.எம். வாங்கினேன்.

அதை ஆங்கிளின் வெளிமுகத்தில் வைத்து, மேலே ஒரு அங்குல அலுமினியப் பட்டையைக் கொடுத்து, 9 அங்குலத்துக்கு ஒரு போல்ட் வீதம் இறுக்கினோம். உள்முகத்தில் வைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும் என்றார் மிஸ்திரி. இருக்கும்தான். ஆனால் ஷட்டரில் வழியும் தண்ணீர் ஆங்கிளுக்கும் ரப்பருக்கும் நடுவே தேங்கி இரும்பைத் தின்னும். வெளியே இருந்தால் தண்ணீர் ரப்பரின் மேலேயே வழிந்து வெளியே விழும். ஷட்டரைத் தூக்கும்போது அடி ஆங்கிள் சுருளுக்குள் போகாமல் மேலேயே நின்றுவிடுவதால் ரப்பர் நசுங்குமோ என்ற பயம் வேண்டாம். போல்ட் தலை மேல் விட்டத்தில் இடிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அலுமினியப் பட்டையிலும் ரப்பரிலும் வட்டத் துளை போடாமல், மேலும் கீழுமாக நீண்ட துளை போடச் சொன்னேன். இதற்காக மிஸ்திரி முகத்தைச் சுளித்தார். ஆனால் ரப்பர் தேயத் தேய போல்ட்டைத் தளர்த்தி அரை விரல் கீழே இறக்கி மறுபடி இறுக்கலாம். புதிதாக வாங்க வேண்டியதில்லை. வலது ஓரத்தில் இடைவெளி அதிகம் என்றேனே, அங்கே ரப்பரைக் கொஞ்சம் கூடுதலாகத் தொங்கவிட்டோம். தரையைத் தொட்டபின் அரை அங்குலம் மடங்கினால் போதும். அதிகமாக மடங்கினால் பூட்டு விழாது, ரப்பரும் மடங்கிய நிலையிலேயே நின்றுபோகும். அளவைவிட ஓர் அங்குலம் நீளமாக வெட்டுங்கள். பொருத்தும்போது இழுக்கவே இழுக்காதீர்கள். இழுத்துப் பொருத்திய ரப்பர் ஒரு மாதத்தில் சுருங்கி இரண்டு முனையிலும் சந்து விடும்.

பக்கச் சானல்களில் ஷட்டர் தகடு ஆடுவதற்கு இடம் இருந்தே ஆக வேண்டும். அங்கே ரப்பர் வைத்தால் ஷட்டர் ஓடாது. பிரஷ் பட்டை கிடைக்கிறது. நைலான் முடி தகட்டைத் தொடும்படி சானலின் உள்பக்கம் திருகிவிட்டால் புழுதி நிற்கும். ஆள் கூலியைச் சேர்த்து எனக்கு எல்லாம் ஆறாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதிக்குமேல் கல்லுக்கும் தரைக்கும்.

இதே வேலையை வீட்டுக்குள்ளும் செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கதவில் ஒட்டும் ஃபோம் பட்டை மலிவு. ஆனால் ஒட்டுமுன் இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவிடாவிட்டால் முதல் மே மாதத்திலேயே கழன்று தொங்கும். அலுமினியத் தள்ளு ஜன்னல்களில் கீழ்த் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சிறு துளைகள் இருக்கும். "இதன் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது" என்று நினைத்து அவற்றை எம்-ஸீல் வைத்து அடைத்தவர்கள் நம் நண்பர்களிலேயே மூன்று பேர். அது தண்ணீர் வெளியேறும் வழி! அடைத்தால் தண்டவாளம் நிரம்பி உள்ளே வழியும். குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், போதும்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத ஒப்புக்கொண்டேன். கசிவை அடைப்பது நல்லது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அடைக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன.

டிசம்பரில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள். குளிர் தாங்காது. ஜன்னல் சந்தெல்லாம் அடைத்து, ஹிந்திக்காரர்கள் அங்கீட்டி என்று சொல்லும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்குகிற பழக்கம் இங்கே உண்டு. பார்த்து நம்மவர்களும் செய்கிறார்கள். கரி போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் இந்த ஊர்ப் பத்திரிகைகளில் இப்படி இறந்த குடும்பங்களின் செய்தி வருகிறது. அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம், ஜன்னல் ஒரு விரல் திறந்திருந்தாலும் வேண்டாம். குளியலறையில் கேஸ் கீஸர் இருந்தால் கதவடிச் சந்தையும் காற்று ஜன்னலையும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். அந்தக் கீஸரைக் குளியலறைக்கு வெளியே மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. மூடிய காராஜில் காரையோ ஸ்கூட்டரையோ "கொஞ்சம் சூடாகட்டும்" என்று ஓடவிடுவதும் இதே ஆபத்துதான். ஷட்டர் அடியில் ரப்பர் போட்ட பிறகு ஆபத்து இன்னும் கூடுதல்.

இன்னொன்று, சிலிண்டர். உபரி சிலிண்டரைக் காராஜில் வைத்திருப்பவர்கள் உண்டு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். இத்தனை நாள் ஷட்டருக்கு அடியில் இருந்த சந்து வழியாக அது வெளியேறிக்கொண்டிருந்திருக்கலாம். ரப்பர் போட்டதும் அந்த வழி அடைபடும். ஆகவே முதலில் சிலிண்டரை அங்கிருந்து எடுங்கள், பிறகு ரப்பர் வாங்கப் போங்கள். குழாயில் வரும் எரிவாயு காற்றைவிட லேசானது, அது மேலே போகும். அதற்காகச் சமையலறையின் மேல் ஜன்னலை அடைக்காமல் இருக்க வேண்டும். எங்கள் காராஜின் பின்சுவரில் உயரத்தில் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. முழுவதும் அடைபட்ட அறையில் ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும் என்பதும் ஒரு காரணம்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஹோலி முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் ரப்பரைத் துடைக்கிறேன். சாயப்பொடியும் மண்ணும் அப்போதுதான் அதிகம். ஜூன் மாதம் இரண்டாம் வாரம் காகிதச் சோதனை. பருவமழை தில்லிக்கு வருவது பெரும்பாலும் ஜூன் கடைசியில்தான். தீபாவளிக்குப் பிறகு ஒரு தடவை சிலிகான் துடைப்பு. ரப்பரை விரலால் மடக்கிப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டும். வெடிப்பைப் பசை போட்டு ஒட்டுவதில் பயனில்லை.

பெட்டிகள் இப்போது தரையில் இல்லை. ஊரில் நெல் மூட்டைக்கு அடியில் கட்டை போடுவோமே, அது போல ஆறு செங்கல் உயரத்தில் பலகை போட்டு அதன் மேல் வைத்திருக்கிறேன். தெருத் தண்ணீர் இன்னொரு ஜூன் 28 போல உயர்ந்தால் ரப்பரும் கல்லும் என்ன செய்யும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. செங்கல்லின் மேல் நம்பிக்கை இருக்கிறது. 2025 மழையில் கல்லுக்கு உள்பக்கம் தரை காய்ந்தே இருந்தது. வலது ஓரத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஈரம். போல்ட்டைத் தளர்த்தி ரப்பரைச் சற்று இறக்கினேன். அந்த நவராத்திரிக்கு ஐந்து படி வைத்தோம், புதிதாக வாங்கிய தசாவதார செட்டோடு.

கடைக்குப் போகிறவர்கள் பழைய ரப்பரில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்துப் போங்கள். ஷட்டரின் அகலத்தை மேலே அளக்காமல் தரையோடு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.